கையிலே சர்ட்டிபிகேட் இருக்கு, வேலை எங்கே?

சாயங்காலம் ஷிப்டு முடிகிற நேரத்தில் கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். கம்பெனி கேட்டுகளில் அட்டை தொங்கும். "பிட்டர் தேவை", "வெல்டர் தேவை", "ஏ.சி. மெக்கானிக் உடனே தேவை".

அப்படியே கிண்டி ரெயில் நிலையத்துப் பக்கம் வாருங்கள். முதுகிலே சாப்பாட்டுப் பார்சல் பையோடு, பைக்கை ஓரம் கட்டி, அடுத்த ஆர்டருக்காகக் காத்திருக்கும் வாலிபர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் அவர்களிலும் உண்டு. சர்ட்டிபிகேட் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும்!

ஆள் கேட்கிறவருக்கு ஆள் கிடைக்கவில்லை. வேலை கேட்கிறவருக்கு வேலை கிடைக்கவில்லை. இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைக்கத்தான் சர்க்கார் கோடி கோடியாகக் கொட்டுகிறது. கோளாறு எங்கே?

திட்டத்துக்கா பஞ்சம்?

திட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. 1950-ல் கைத்தொழில் பயிற்சித் திட்டம் வந்தது, ஐ.டி.ஐ.க்கள் பிறந்தன. 1961-ல் அப்ரண்டீஸ் சட்டம். 1986-ல் தேசிய கல்விக் கொள்கை வந்தது. 1995-க்குள் பிளஸ் 2 மாணவர்களில் 100-க்கு 25 பேர் தொழிற்கல்வி படிக்க வேண்டும் என்றது. நடக்கவில்லை.

2009-ல் தேசிய திறன் மேம்பாட்டுக் கொள்கை வந்தது. 2022-க்குள் 50 கோடி பேருக்குப் பயிற்சி என்று முழங்கியது. 2015-ல் 'ஸ்கில் இந்தியா'. 2020-ல் இன்னொரு கல்விக் கொள்கை. இந்தியாவில் 19 வயதிலிருந்து 24 வயது வரை உள்ளவர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர் 100-க்கு 5 பேர்கூட இல்லை. ஜெர்மனியில் 75 பேர், தென் கொரியாவில் 96 பேர் என்று அந்தக் கொள்கையே ஒப்புக்கொண்டது.

எழுபது வருஷம் ஓடியும் ஐந்து பேர் தேறவில்லை!

தலை எண்ணும் கணக்கு

காரணம் பெரிய ரகசியம் இல்லை. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம், எத்தனை சர்ட்டிபிகேட் அச்சடித்தோம் என்று எண்ணுகிறார்களே தவிர, எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை.

தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் தலைதான் வந்து சேரும். வேலை எப்படி வரும்?

பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தை 2015-லிருந்து 2022 வரை சி.ஏ.ஜி. தணிக்கை செய்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த அந்த அறிக்கையைப் படித்தால் தலை சுற்றும். சுமார் 96 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் பாங்கி கணக்கு எண் இருக்க வேண்டிய இடம் காலி, அல்லது வெறும் பூஜ்யம்! குறுகிய காலப் பயிற்சியில் சர்ட்டிபிகேட் வாங்கியவர்களில் வேலை கிடைத்தவர் 100-க்கு 41 பேர்தான்.

மளிகைக் கடை அண்ணாச்சி இப்படிக் கணக்கு எழுதினால் கடை ஒரு மாசம் தாங்குமா?

அபராதம் மலிவு!

அடுத்து அப்ரண்டீஸ் சட்டம். 2019-ல் வகுத்த விதிப்படி 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்கள் கண்டிப்பாக அப்ரண்டீஸ் எடுக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாயாவது உதவித்தொகை. அதில் 1,500 ரூபாய் வரை சர்க்கார் ஏற்கும் என்று 2016-லேயே ஒரு திட்டம் வந்தது. ஆக, முதலாளிக்குக் கைக்காசு 5,500 ரூபாய்.

எடுக்காவிட்டால்? 2014-ல் சட்டத்தைத் திருத்தியபோது ஜெயில் தண்டனையை எடுத்துவிட்டு அபராதம் மட்டும் வைத்தார்கள். குறைகிற ஒவ்வொரு ஆளுக்கும் முதல் மூன்று மாதம் 500 ரூபாய், அப்புறம் மாதம் 1,000 ரூபாய்.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஆளை எடுத்தால் 5,500, எடுக்காவிட்டால் 1,000. சட்டத்தை மதிப்பதைவிட மீறுவது மலிவு!

பயிற்சி முடிந்தவருக்கு வேலை தர வேண்டும் என்றாவது உண்டா? அதுவும் இல்லை. எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தானே ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளலாம் என்று அதே திருத்தம் சொல்லிவிட்டது. சில இடங்களில் நடப்பது என்ன? ஒரு வருஷம் மெஷினில் நிற்கவைத்து முழு ஆள் வேலை வாங்குகிறார்கள். வருஷம் முடிந்ததும் "போயிட்டு வா தம்பி". மறுநாள் அதே மெஷினில் புது அப்ரண்டீஸ். பயிற்சி என்ற பெயரில் அரைச் சம்பளத்துக்கு ஆள்!

முதலாளி கட்சியும் உண்டு

முதலாளிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. "மெஷினையே பார்க்காத பையனை அனுப்பறாங்க சார். ஆறு மாசம் சொல்லிக் கொடுத்தா, 1,000 ரூபா கூட கிடைக்குதுன்னு அடுத்த கம்பெனிக்கு ஓடிடறான்" என்பது சின்னப் பட்டறைக்காரர்களின் புலம்பல்.

முதல் பாதி உண்மை. பழைய லேத்தில் படித்துவிட்டு வருகிற பையன் கம்ப்யூட்டரில் ஓடும் லேத்தைப் பார்த்து முழிக்கத்தான் செய்வான். அதற்காகத்தான் தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நவீனமாக்கும் திட்டம் 2022-ல் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் மெஷின் வந்தால் போதாது. அதைச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரும் வேண்டும்.

இரண்டாவது பாதிக்குப் பதில் எளிது. கட்டுப்படியாகிற சம்பளம் கொடுத்தால் எந்தப் பையன் ஓடப்போகிறான்?

மேஸ்திரிக்கு மரியாதை

இன்னொரு கூட்டத்தைக் கொள்கை எழுதுகிறவர்கள் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. புதுப்பேட்டையில் காரைப் பிரித்து மேய்கிற கைகள் எந்தக் கல்லூரியில் படித்தன? மேஸ்திரியிடம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கி, டீ வாங்கி வந்து கற்ற தொழில் அது. வேலை தெரியும், காகிதம் இல்லை. அந்தப் பக்கம் காகிதம் உண்டு, வேலை தெரியாது.

தெரிந்த தொழிலைச் சோதித்துச் சர்ட்டிபிகேட் கொடுக்கும் ஏற்பாடு மத்திய திட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதை மேஸ்திரியின் பட்டறைக்கே வந்து நடத்தினால் என்ன? சொல்லிக்கொடுக்கும் மேஸ்திரிக்கும் ஒரு தொகை கொடுத்தால் என்ன? அப்ரண்டீஸ் எடுக்க 4 பேராவது வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும் என்கிறது விதி. இரண்டு பேர் பட்டறை அந்தக் கணக்கிலேயே வராது!

செய்ய வேண்டியது என்ன?

புதுசாக ஒரு திட்டமோ, புதுப் பெயரோ வேண்டாம். மூன்று காரியம் போதும்.

ஒன்று: பயிற்சி நிலையத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதியை, படித்த பையன் ஓராண்டு வேலையில் நிலைத்த பிறகே கொடுக்க வேண்டும்.

இரண்டு: அப்ரண்டீஸ் எடுக்காத கம்பெனிக்கு அபராதம், உதவித்தொகையைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாக இருக்க வேண்டும். வருஷா வருஷம் ஆளை மாற்றி, ஒருவரைக்கூட நிரந்தரம் ஆக்காத கம்பெனிக்கு சர்க்கார் பங்கு கிடையாது என்று அறிவிக்க வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு ஐ.டி.ஐ. வாசலிலும் ஒரு போர்டு. போன வருஷம் இந்தத் தொழிலில் பாஸ் செய்தவர் எத்தனை, இப்போது வேலையில் இருப்பவர் எத்தனை, சம்பளம் எவ்வளவு? ஓட்டலில் இட்லி விலையை எழுதிப் போடுகிறார்களே, பிள்ளையின் இரண்டு வருஷத்துக்கு அந்த விலை கூடவா இல்லை?

போர்டு வருகிற வரைக்கும் பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையைச் சேர்க்கப் போகும்போதே நேருக்கு நேர் கேட்கலாம்: "போன வருஷம் இங்கே படிச்ச பசங்க இப்போ எங்கே வேலை பார்க்கிறாங்க?"

பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பீஸ் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்!