கூந்தல் முடியாமல் முடிந்த கதை

2024 ஜூன் 8, சனிக்கிழமை இரவு, சன் தொலைக்காட்சியில் ‘எதிர்நீச்சல்’ நெடுந்தொடர் நிறைவுற்றது. 2022 பிப்ரவரியில் தொடங்கி எழுநூறு பகுதிகளுக்கு மேல் ஓடிய தொடர் அது. நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் அதே வாரம் செவ்வாய்க்கிழமைதான் வெளியாகியிருந்தன. ஆயினும் திங்கட்கிழமை காலை கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலின் மகளிர் பெட்டியிலும், சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளிலும் யார் மந்திரி என்ற பேச்சு எழவில்லை. ஆதி குணசேகரன் வீட்டு மருமகள்களுக்கு உரிய முடிவு கிடைத்ததா என்பதே பேச்சாயிருந்தது. கிடைக்கவில்லை என்று பெரும்பாலோர் தீர்ப்பளித்தனர்.

இதைக் கேள்வியுற்று நம் இலக்கிய நண்பர்கள் நகைத்தனர். சீரியலுக்கு முடிவு சரியில்லையாம், அதற்கும் ஓர் ஒப்பாரியாம் என்பது அந்நகைப்பின் சாரம். நகைத்தவர்களுள் சிலர் சிற்றிதழ்களில் எழுதுவோர். சிலர் நம்மைப்போலவே கல்லூரிகளில் இலக்கியம் கற்பிப்போர். அவர்களோடு வழக்காட வேண்டியிருக்கிறது.

2019 மே 19 அன்று எச்.பி.ஓ.வின் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நிறைவுற்றபோது இதே நண்பர்கள் நகைக்கவில்லை என்பதை முதலில் நினைவூட்டுவோம். டெனேரிஸ் ஒரு நகரையே எரித்தாளே, அம்மனமாற்றத்துக்குப் போதிய முன்னேற்பாடு கதையில் உண்டா என்று வாரக்கணக்கில் விவாதித்தனர். இறுதிப் பருவத்தைத் தகுதியுள்ள எழுத்தாளர்களைக் கொண்டு மறுபடி எடுக்கவேண்டும் என்று கோரிய இணைய மனுவில் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அது நம் நண்பர்களுக்கு ரசிகர்களின் விழிப்பாகத் தோன்றிற்று. 2007 ஜூன் 10 அன்று ‘சொப்ரானோஸ்’ தொடர், உணவகக் காட்சி ஒன்றின் நடுவே திரை கறுத்து முடிந்தது. கேபிள் அறுந்துவிட்டதென்று எண்ணிய அமெரிக்கர் ஏராளம். (நம்மூரில் என்றால் எழுந்துபோய் ஃப்யூஸ் கட்டையைப் பார்த்திருப்போம்.) அந்தச் சில நொடிக் கருந்திரைக்குப் பொருள் கண்டு இன்றளவும் கட்டுரைகள் வருகின்றன. வரட்டும், அவற்றுள் நல்லவையும் உண்டு. நியூ ஜெர்சிக்காரன் தன் தொடரின் முடிவை ஏற்க மறுத்தால் அது விமரிசனம், கவரைப்பேட்டைக்காரி மறுத்தால் அது ஒப்பாரி என்னும் அளவுகோல் எந்த அழகியல் நூலில் இருக்கிறது என்பதே நம் வினா.

தொடரைப் பாராதவர்களுக்காகச் சில சொற்கள். மதுரையில் செல்வாக்குள்ள ஒரு குடும்பம். மூத்தவர் ஆதி குணசேகரன், தம்பிமார்க்குப் படித்த பெண்களைத் தேடித் தேடி மணம் முடிக்கிறார். மணம் முடிந்ததும் அப்படிப்பை அடுக்களையில் பூட்டிவைக்கிறார். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, கடைசியாக வந்த ஜனனி என நான்கு பெண்கள் அந்தப் பூட்டை அசைத்துப் பார்ப்பதே கதை. இயக்கியவர் திருச்செல்வம், 2003 முதல் 2009 வரை ‘கோலங்கள்’ தொடரைத் தந்தவர். குணசேகரனாக நடித்த மாரிமுத்து, திரைப்பட இயக்குநராகவும் இருந்தவர். அவருடைய ‘ஏய், இந்தாம்மா’ என்ற அதட்டல், சீரியல் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆண்களையும் இரவு 9.30 மணிக்குக் கூடத்தில் உட்கார வைத்தது. 2023 செப்டம்பர் 8 அன்று, இத்தொடருக்கான குரல்பதிவின்போது நெஞ்சுவலி கண்டு அவர் மறைந்தார். அப்பாத்திரத்தை ‘குற்றப் பரம்பரை’ நாவலாசிரியர் வேல ராமமூர்த்தி ஏற்றார். நம் நண்பர்கள் இத்தொடரைப் பற்றி வாய்திறந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான். எழுத்தாளர் ஒருவர் சீரியலுக்குப் போகலாமா என்று.

முடிவைப் பற்றி அந்தப் பெண்கள் சொன்னதுதான் என்ன? யாரும் வெறுமனே ‘பிடிக்கவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, காரணம் சொன்னார்கள். மாரிமுத்து போனபின் குணசேகரன் தளர்ந்துவிட்டார், தளர்ந்தவனை வெல்வதில் என்ன இருக்கிறது என்றார் ஒருவர். வேல ராமமூர்த்தியின் நடிப்பைப் பழிக்கும் பேச்சு அன்று அது. பகைவனின் நிறை குறைந்தால் வெற்றியின் நிறையும் குறையும் என்பது அதன் பொருள். கம்பன் இராவணனுக்கு அத்தனை பெருமிதம் ஏன் தந்தான் என்று முதுகலை வகுப்பில் நாம் ஒரு பருவம் முழுதும் விளக்குவதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். மற்றொருவரின் குறை வேறு: எழுநூறு நாள் அந்த ஆள் பேசினான், இவர்கள் பேசவேண்டிய நாள் வந்ததும் நேரமாகிவிட்டது என்று கடையைக் கட்டிவிட்டார்கள் என்பது. கதையில் காலம் எவ்வாறு பங்கிடப்படுகிறது, யாருக்கு எத்தனை சொல் வாய்க்கிறது என்ற ஆராய்ச்சிக்கு நம் கருத்தரங்குகளில் வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம்.

மூன்றாவது பேச்சே இக்கட்டுரைக்குக் காரணமானது. பொன்னேரியில் ஏறிய ஒரு பெண்மணி, நடுத்தர வயது, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. எதிரே இருந்தவரிடம் சொன்னார்: “இன்னாக்கா இது, பதினெட்டு நாள் பாரதம் வெச்சிட்டு, படுகளம் வெக்காம பந்தலைப் பிரிச்சிட்டுப் போனா மாதிரி கீது.”

திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை வட்டாரத்தாருக்கு இதன் முழுக் கனமும் விளங்கும்; தெற்கத்தி வாசகர்க்குச் சற்று விளக்கவேண்டும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் தெருக்கூத்து. வில் வளைப்பு, சூது, துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்னன், கர்ண மோட்சம் என்று நாள்தோறும் கதை நகரும். துகிலன்று விரித்த கூந்தலைத் துரியோதனன் குருதி பூசியன்றி முடிவதில்லை என்று பாஞ்சாலி சபதம் செய்கிறாள். ஊர் அந்தச் சபதத்தை மறப்பதில்லை. இறுதி நாள் காலை, வெட்டவெளியில், மண்ணைக் குழைத்து மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மாபெரும் உருவாகச் செய்து வண்ணம் தீட்டி வைத்திருப்பார்கள். வேடம் கட்டிய வீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடலைச் சுற்றிச் சுற்றிப் போரிடுவர். வீமன் தொடையைப் பிளக்க, உள்ளே மறைத்து வைத்த செந்நீர் பீறிடும். அதன்பின் கூந்தல் முடியப்படும். துடைப்பமும் கையுமாக ஒரு வேடம் வந்து, செத்துக் கிடப்பவன்மேல் விழுந்து ஒப்பாரி வைப்பதும் பல ஊர்களில் உண்டு. வென்றவளுக்குக் கூந்தல் என்றால் தோற்றவன் வீட்டாருக்கு அழுகை, இரண்டையும் மக்கள் கண்டாக வேண்டும். மாலையில் தீமிதி. அதற்கு முன் எவரும் கலைவதில்லை. இரவெல்லாம் கண்விழித்த கிழவிகளும் வெயிலில் நிற்பார்கள். கூந்தல் முடியாவிட்டால் ஊருக்கு ஆகாது என்பது நம்பிக்கை.

நீண்ட கதைக்கு முடிவு என்பது என்ன என்பதைப் பற்றி இத்தனை தெளிவான கொள்கை இம்மண்ணில் நிலைபெற்றிருக்கிறது. எத்தனை நாள் அவமானம் காட்டப்பட்டதோ, அதற்கு ஈடான நேரமும் இடமும் அதன் தீர்வுக்குத் தரப்பட வேண்டும். அத்தீர்வு எல்லார் கண்முன்னும் நிகழவேண்டும். பாதிக்கப்பட்டவளின் உடலிலேயே அது தெரியவேண்டும். அடையாள அட்டை அணிந்த அந்தப் பெண்மணி இக்கொள்கையைக் கொண்டு ஒரு தொலைக்காட்சித் தொடரை அளந்தார், குறைவு கண்டார், சொன்னார். விமரிசனம் என்பதற்கு இதனினும் மேலான இலக்கணம் வைத்திருப்போர் தெரிவிக்கலாம்.

வேதனை தருவது இதுதான். தெருக்கூத்தைச் செவ்வியல் கலையாக இலக்கிய உலகுக்கு எடுத்துக்காட்டியவர்கள் நம் சிற்றிதழ் மரபினர். ந. முத்துசாமி புரிசைக்குப் போய்க் கண்ணப்பத் தம்பிரானிடம் கூத்தின் பெருமையை உணர்ந்ததும், 1977-இல் கூத்துப்பட்டறை தோன்றியதும் நம் எல்லார்க்கும் பெருமையே. கூத்தைப் போற்றினோம், கலைஞரைப் போற்றினோம், எதிரே விடிய விடிய உட்கார்ந்து அதை வாழவைத்த பெண்களை மட்டும் ‘பாமர ரசனை’ என்று ஒதுக்கிவைத்தோம். கூத்துக் களரியில் அவர்கள் அமர்ந்தால் மரபு; அதே பெண்கள், அதே கண்களோடு தொலைக்காட்சி முன் அமர்ந்தால் மந்தை. மண்ணெண்ணெய் விளக்குக்கும் எல்.இ.டி. திரைக்கும் இடையில் அவர்களுடைய அறிவு எங்கே தொலைந்தது?

முடிவைப் பற்றிய முறையீடு தமிழ் வாசகனுக்குப் புதிதன்று. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்து முடிந்தபோது, கதை முற்றுப்பெறவில்லை, இன்னார் என்ன ஆனார், அவர் கதி என்ன என்று வாசகர் கேட்டனர். கல்கி அவர்களை எள்ளவில்லை. தனியே ஒரு முடிவுரை எழுதி, கேள்விகளை எடுத்துக்கொண்டு விடை கூறினார். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ நாயகன் அரவிந்தன் இறந்தபோது கண்ணீர் விட்ட குடும்பங்கள், பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயரிட்டன. அவ்வாசகர்களையும் அன்றைய தீவிர இலக்கியவாதிகள் சிலர் இளக்காரமாகவே பார்த்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இளக்காரமும் நம் மரபுதான். இன்னும் பின்னே போகலாம். மதுரை எரிந்ததோடு கண்ணகி கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை, வஞ்சிக் காண்டம் வேண்டியிருந்தது. அக்காண்டம் பிற்சேர்க்கை என வாதிடும் அறிஞர் உளர். அவ்வாதத்தை ஏற்றால் நம் கட்சி இன்னும் வலுக்கிறது: நகரை எரித்துவிட்டு அவள் எங்கே போனாள் என்று கேட்டு நச்சரித்தவர்கள் அன்றும் இருந்தார்கள் என்றாகிறது.

மறுப்புரை ஒன்றுண்டு; அதை ஒதுக்க முடியாது. தொடர் என்பது விளம்பரத்துக்காக இழுக்கப்படும் சரக்கு, பெண்ணை இழிவுசெய்து இழிவுசெய்தே நாளை ஓட்டுவது, இதற்கு முடிவு ஒரு கேடா என்பார்கள். முதற்பகுதி பெரும்பாலும் உண்மை. ஓர் அறை விழுந்தால் அது மூன்று கோணத்தில் மூன்று முறை விழுவதையும், ஒவ்வொரு முகமாகப் படக்கருவி உலா வருவதையும் நாமும் பொறுமையிழந்து பார்த்தவர்களே. ஆனால் சரக்கு மட்டம் என்பதிலிருந்து, வாங்கியவளுக்கு எடைபோடத் தெரியாது என்பது எப்படிப் பெறப்படும்? மட்டமான சரக்கு என்று அவளே சொல்லும்போது அவள் பக்கம் நிற்கவேண்டியவர்கள் அல்லவா நாம்? நாமோ சரக்கை விற்றவனை விட்டுவிட்டோம், எடை குறைகிறது என்று கூவியவளைப் பார்த்துச் சிரித்தோம்.

அவள் தந்த விலையையும் கணக்கில் கொள்ளவேண்டும். சிப்காட்டில் மதியம் இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிறவள் வெளியே வர இரவு பத்தாகும். 9.30 தொடர் அவளுக்கு மறுநாள் காலை, உலை கொதிக்கும் நேரத்தில், கைபேசியில்தான். மாதவிடாயன்றும் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு குணசேகரனுக்குச் சோறு போட்டுவிட்டு, மிஞ்சிய அரைமணியை இரண்டாண்டுக் காலம் ஒரு கதைக்குத் தந்திருக்கிறாள். அந்தக் கதையில் அவளுடைய வாயும் பூட்டும் இருந்தன. நம்மில் எத்தனை பேர் ஒரு நாவலை அத்தனை ஊன்றி வாசித்திருக்கிறோம்? சந்தா கட்டிய இதழைப் பிரிக்காமல் அடுக்கிவைத்திருப்போர் கை தூக்க வேண்டாம். நாமும் தூக்கவேண்டி வரும்.

பின்னர் நடந்தது அனைவரும் அறிந்தது. 2024 டிசம்பர் 23 அன்று ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்ற பெயரில் அதே வீடும் அதே குணசேகரனும் திரும்பி வந்தார்கள். ஜனனியாக மட்டும் வேறொரு நடிகை. ஷெர்லக் ஹோம்ஸை 1893-இல் அருவியில் தள்ளிய கானன் டாயில், வாசகர் விடாததால் அவனைத் திரும்ப உலவவிட்டுப் பத்தாண்டுக்குப் பின் உயிரோடு மீண்ட கதையையும் எழுதினார். இங்கே ஆறரை மாதம் போதுமானதாயிற்று. கதை முடியவில்லை என்று ஜூன் மாதத்தில் அந்தப் பெண்கள் சொன்ன தீர்ப்பைத் தொலைக்காட்சியே தன் தலைப்பில் எழுதி ஒப்பிவிட்டது. அன்று நகைத்த நண்பர்கள் ஒருவரும் இதைப்பற்றி எழுதக் காணோம்.

இனியாவது எழுதலாம். பொன்னேரியில் ஏறிய பெண்மணியின் ஒப்புமை மேலே இருக்கிறது. ‘எதிர்நீச்சல்’ முடிவுக்குப் படுகளம் பொருந்தாத அளவுகோல் என்று கருதும் நண்பர், சொப்ரானோஸின் கருந்திரையைச் சற்று நேரம் மூடிவைத்துவிட்டு, ஏன் பொருந்தாது என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பட்டும். வெட்டாமல் வெளியிடுவோம்.