தனியாக விலக்குக் கேட்காதீர்கள், தோழர்களே!

பழைய மகாபலிபுரம் சாலையின் தோழர்களே! பெருங்குடியிலும் துரைப்பாக்கத்திலும் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் அட்டையைத் தேய்த்து உள்ளே போகிறவர்களே! தென்காசியிலும் தேனியிலும் திருவண்ணாமலையிலும் வீட்டு மாடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த மெயில் என்றைக்கு வருமோ என்று பதைத்துக்கொண்டிருப்பவர்களே!

எனக்கு அந்த மெயில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தது. முதல் தேதியிலிருந்து வாரம் ஐந்து நாளும் அலுவலகம். வராத நாள் விடுப்பில் கழியும். விலக்கு வேண்டுவோர் மேனேஜர் வழியாகத் தனித்தனியே விண்ணப்பிக்கலாம். மூன்றே வரி. எங்கள் டீமில் பதினொரு பேர். அன்றிரவே பதினொரு பேரும் தனித்தனியே எழுதினோம். ஒருவர் அம்மாவின் டயாலிசிஸ் பற்றி எழுதினார். இன்னொருவர் ஏழு மாதக் கைக்குழந்தையைப் பற்றி எழுதினார். நான் பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவைப் பற்றி எழுதினேன். பக்கத்தில் இருப்பவர் என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கு மூன்று மாத விலக்குக் கிடைத்தது. மற்ற ஒன்பது பேரும் அந்த இருவரையும் பொறாமையோடு பார்த்தோம். மெயில் அனுப்பியவர்கள் மேல் வர வேண்டிய கோபம், பக்கத்து நாற்காலிக்காரர் மேல் வந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் காரணங்களில் ஒரு குறையும் இல்லை. பதினொரு பேர் பதினொரு மனுவாகப் போனோம், தோற்றோம். அதே தவற்றை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2020 மார்ச் 24 இரவை நினைத்துப் பாருங்கள். நாடு முழுக்க ஊரடங்கு. அலுவலகக் கம்ப்யூட்டர்கள் வண்டி வண்டியாக நம் வீடுகளுக்கு வந்து இறங்கின. இன்டர்நெட் நம் செலவு, கரண்ட் நம் செலவு, மேசை நம் செலவு. கட்டிலின் ஓரமே அலுவலகமானது. வீட்டில் நோயாளி இருக்க, தெருவில் ஆம்புலன்ஸ் கத்த, ஒரு டெலிவரியும் நிற்காமல் பார்த்துக்கொண்டோம். நாம் வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக மத்திய அரசு அதே ஆண்டு நவம்பரில் தொலைத்தொடர்பு விதிகளைத் தளர்த்தியது. 2022இல் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளும் திருத்தப்பட்டன. 2025க்குள் ஊழியர்களில் நூற்றுக்கு 25 பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று டிசிஎஸ் நிறுவனம் 2020இல் உலகத்துக்கே அறிவித்தது. அதை நம்பித்தான் பலர் சென்னை வீட்டைக் காலி செய்தார்கள், பெற்றோர் பக்கத்தில் குடிபோனார்கள், பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில் சேர்த்தார்கள்.

2025 வரும்வரைகூட அந்த வாக்கு நிற்கவில்லை. 2023 அக்டோபரில் அதே நிறுவனம் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. 2024இல் வருகைப்பதிவை வேரியபிள் பேயோடு முடிச்சுப் போட்டது: 60 சதவீதத்துக்குக் கீழே வருகை இருந்தால் அந்தத் தொகை கிடையாது. 2023 நவம்பரில் விப்ரோ வாரம் மூன்று நாள் என்றது. 2025 மார்ச்சில் இன்ஃபோசிஸ் மாதம் பத்து நாள் என்று கட்டாயமாக்கியது. அமெசான் 2025 ஜனவரி முதல் ஐந்து நாள் என்றது. ஒவ்வொரு இடத்திலும் முடிவு மேலிருந்து வந்தது. ஓர் இடத்திலும் ஊழியரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

என்ன காரணம் சொல்கிறார்கள்? பண்பாடு, கூட்டுழைப்பு, உற்பத்தித்திறன். நம் அன்றாடத்தைப் பார்ப்போம். கிளையன்ட் டல்லஸில். டீம் லீட் புனேயில். டெஸ்டிங் செய்பவர் கொச்சியில். மெட்ரோ பணிக்காகத் தடுப்பு வைத்த சாலையில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து வந்து, சோழிங்கநல்லூர் ஆறாவது மாடியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டில் பேசிய அதே வீடியோ காலில் அதே ஆட்களோடு பேசுகிறோம். திரும்பிப் போக இன்னும் ஒன்றரை மணி நேரம். நாளுக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்குப் பதினைந்து. இந்தப் பதினைந்து மணி நேரத்துக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

இது நம் புலம்பல் மட்டும் இல்லை. பொருளியலாளர் நிக்கலஸ் புளூமும் அவருடைய சக ஆய்வாளர்களும் சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களிடம் செய்த சோதனையின் முடிவு 2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் குறையவில்லை. பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை. வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டால் ஆட்கள் வேலையில் தங்குகிறார்கள். கட்டாயப்படுத்தி அழைத்தால் வெளியேறுகிறார்கள். ஆள் குறைக்க நினைக்கும் நிர்வாகத்துக்கு இது எவ்வளவு வசதி! பணிநீக்க உத்தரவு வேண்டாம், இழப்பீடு வேண்டாம், பத்திரிகைச் செய்தி வேண்டாம். கைக்குழந்தைக்காரி தானே ராஜினாமா கடிதம் எழுதுவாள். முடியாத அப்பாவை வைத்திருப்பவன் தானே போய்விடுவான். 2025 ஜூலையில் ஒரே நிறுவனம் 12,000க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்த துறை இது. புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்த நாளைக் கணக்குப் பார்க்கிற துறை இது. இங்கே வருகைப்பதிவேடு வெறும் பதிவேடாக இருக்காது.

தோழர்களே, நம்மிடையே மாற்றுக் கருத்து உண்டு. அதை மூடி மறைக்க வேண்டாம். புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளில் பலர் அலுவலகம் வர விரும்புகிறார்கள். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்க நினைக்கிறார்கள். நியாயம். ஓர் அறை வீட்டில் ஆறு பேரோடு இருப்பவருக்கு அலுவலகம்தான் மூச்சு விடும் இடம். அதுவும் நியாயம். வீட்டில் இருந்தால் அடுப்படி, குழந்தை, லேப்டாப் மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லும் பெண் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அலுவலகக் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். ‘எல்லாரும் வீட்டிலேயே இருப்போம்’ என்று நான் கேட்கவில்லை. எங்கிருந்து வேலை செய்வது என்று முடிவு செய்யும்போது நம் குரலும் அந்த மேசையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. நம் மாடியைக் கூட்டும் அக்கா, கேப் ஓட்டும் அண்ணன், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி ஐயா, கேன்டீனில் தோசை வார்க்கும் தம்பி. 2020இல் நாம் வீட்டுக்குப் போனபோது இவர்களில் பலர் வேலையில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். நாளை ‘நீங்கள் வராவிட்டால் இவர்கள் பிழைப்புப் போகும்’ என்று நிர்வாகம் நம்மிடம் சொல்லக்கூடும். அவர்களை ஒப்பந்தக் கூலியாக, பாதுகாப்பில்லாமல் வைத்திருப்பது யார்? அவர்களின் வேலைப் பாதுகாப்பும் நம் கோரிக்கைப் பட்டியலில் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

சட்டம் நமக்கு என்ன சொல்கிறது? வேலை நிலைமைகளில் சிலவற்றை மாற்ற நினைக்கும் முதலாளி 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவு. வேலை நேரமும், வழக்கமாக இருந்துவரும் சலுகையைத் திரும்பப் பெறுவதும் முன்னறிவிப்புத் தேவைப்படும் மாற்றங்களின் பட்டியலில் இருந்தன. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் 40ஆவது பிரிவில் அந்த விதியை வைத்திருக்கிறது. நான்கைந்து ஆண்டு நடைமுறையில் இருந்த ஒன்றை மூன்று வரி மெயிலில் எடுத்துவிட முடியுமா என்ற கேள்வியைத் தொழிலாளர் துறை அதிகாரியின் முன் வைக்க நமக்கு எல்லா நியாயமும் உண்டு. ‘நீங்களெல்லாம் தொழிலாளர் இல்லை, புரொஃபஷனல்கள்’ என்பார்கள். மயங்காதீர்கள். பெயருக்குப் பின்னால் என்ன பதவி இருக்கிறது என்பதைவிட, அன்றாடம் என்ன வேலை செய்கிறோம் என்பதுதான் முக்கியம். தொழிற்சங்கச் சட்டத்திலிருந்து ஐடி நிறுவனங்களுக்கு விலக்கு எதுவும் இல்லை என்று தமிழ்நாடு அரசே 2016இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஏழு பேர் கையெழுத்திட்டுச் சங்கப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்த மண்ணுக்கு இது புதிதா? 1918 ஏப்ரலில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் பெரம்பூரில் கூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழிற்சங்க முன்னோடிகளான வாடியாவும் திரு.வி.க.வும் உடன் நின்றார்கள். மதியச் சோற்றை விழுங்கக்கூட நேரமில்லை என்பது அவர்களின் தொடக்கக் குறைகளில் ஒன்று. நேரம் யாருக்குச் சொந்தம் என்று அவர்கள் எழுப்பிய கேள்வியைத்தான் நூறு ஆண்டு கழித்து நாம் திரும்பக் கேட்கிறோம். தூரம் போக வேண்டாம். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9இல் வேலையை நிறுத்தினார்கள். 37 நாள் நின்றார்கள். அவர்களின் சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்யும் கைகளுக்கு வந்த துணிவு, கோடு எழுதும் கைகளுக்கு வராதா?

இனி செய்ய வேண்டியது இதுதான்.

தனி விலக்கு மெயிலை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் டீமில் இருப்பவர்களோடு, அலுவலகச் சாட்டில் இல்லாமல், டீக்கடையில் நேருக்கு நேர் பேசுங்கள். அவரவர் காரணத்தைச் சொல்லுங்கள், மற்றவர் காரணத்தைக் கேளுங்கள். பிறகு ஒரே மனு எழுதுங்கள்: நியாயமான அவகாசம் தர வேண்டும், வருகைப்பதிவைச் சம்பளத்தோடும் ரேட்டிங்கோடும் முடிச்சுப் போடக் கூடாது, வேலையின் தன்மை பார்த்து, ஊழியரோடு பேசி நாட்களை முடிவு செய்ய வேண்டும், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தை உள்ளோர், முதியோரைப் பராமரிப்போர் ஆகியோருக்கு விலக்கு மேனேஜரின் தயவாக இல்லாமல் எழுதப்பட்ட உரிமையாக வேண்டும், விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் அரசு டைடல் நியோ கட்டடங்களைத் திறந்திருக்கும்போது, ஊருக்குப் பக்கத்தில் உட்கார இடம் தர நிர்வாகம் முன்வர வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரின் வேலையும் போகக் கூடாது.

எல்லாரும் கையெழுத்திடுங்கள். விலக்குக் கிடைத்தவரும் இடுங்கள். அலுவலகம் வர விரும்புகிறவரும் இடுங்கள். முதல் கையெழுத்து யாருடையது என்று தெரியாதபடி வட்டமாக இடுங்கள். சேர்ந்த நாளின் கடிதம், பழைய அறிவிப்பு மெயில்கள், பேசிய தேதிகள் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். இருக்கும் ஐடி ஊழியர் சங்கங்களில் ஒன்றில் இந்த மாதமே உறுப்பினராகுங்கள்.

என் டீமின் பதினொரு பேரில் இன்று ஆறு பேர்தான் வேலையில் இருக்கிறோம். போன ஐந்து பேரும் தாங்களாகவே போனதாகத்தான் பதிவேட்டில் இருக்கிறது. அந்த ஐவரையும் எங்களால் திரும்ப அழைக்க முடியவில்லை. உங்கள் டீமில் இன்னும் எல்லாரும் இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை, அட்டையைத் தேய்ப்பதற்கு முன், பக்கத்தில் வருபவரிடம் பேசுங்கள்.