சப்ர் என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள்

அழகர்கோவில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நம் மக்தபுக்கு ஓத வரும் 13 வயதுப் பெண்பிள்ளை, முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ‘ஸ்கோலியோசிஸ்’ நிலைக்காகப் பிளாஸ்டிக் பிரேஸ் அணிகிறாள். ஊர் வழக்கில் ‘பெல்ட்’. அக்குளிலிருந்து இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கும் அதனைச் சித்திரை வெயிலில், புர்காவுக்கு உள்ளே சுமப்பது என்னவென்று நம்மில் எவரும் அறியோம். “ஹஜ்ரத், கீழ உட்கார முடியல” என்று அவள் அழுதாள். நாம் சொன்னது ஒரே சொல்: சப்ர். அவள் அடங்கிப்போனாள். அந்த மௌனத்தைப் பொறுமை என்று எண்ணிக்கொண்டோம்.

எவ்வளவு பெரிய பிழை! ‘அழகிய பொறுமை’ என்று குர்ஆன் எவருடைய வாயால் நமக்குக் கற்றுத் தருகிறதோ, அந்த யஃகூப் (அலை) அவர்கள் அழுதழுதே கண்கள் வெளுத்துப் போனவர்கள். மகன் இப்ராஹீமின் மரணத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். நபிமார்களுக்கு அனுமதிக்கப்பட்ட கண்ணீரை ஒரு சிறுமிக்கு மறுக்க நாம் யார்?

அடுத்து, பெற்றோர். கண்ணேறு என்பார் ஒருவர். புத்தகப் பை என்பார் மற்றொருவர். தாயத்துக்கு அலைவார் வேறொருவர். வளரிளம் பருவத்தில் காணும் இவ்வளைவுக்குப் பெரும்பாலும் காரணம் இன்னதென்று மருத்துவம் இன்னும் அறியவில்லை; பை அதற்குக் காரணமன்று. பிரேஸ் முதுகை நிமிர்த்திவிடுவதற்கன்று, எலும்பு வளர்ந்து முடியும்வரை வளைவு கூடாமல் தடுப்பதற்கு. 2013இல் அமெரிக்க, கனடிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு அறுவை சிகிச்சை கட்டத்தை எட்டவில்லை. அணியாதவர்களில் அது 48 விழுக்காடே. நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணி நேரமும் அதற்கு மேலும் அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பினர். அணியும் நேரமே மருந்து. அந்த நேரத்தைத்தான், “நிக்காஹ் வீட்டுக்குப் போறோம், நாலு பேர் பார்ப்பாங்க, கழற்றிட்டு வா” என்று அத்தாவும் அம்மாவும் களவாடுகிறார்கள். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிமொழி. சம்பந்தம் பேச வருவோரின் பார்வை அதனினும் பெரிதா? பிள்ளை கற்றுக்கொள்வதோ வேறொன்று: தன் உடல் ஒளிக்கப்பட வேண்டிய குற்றம் என்பதை.

‘கூனி’ என்று பட்டப்பெயர் சூட்டும் வாய்கள் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனத்தை ஓதியதில்லை போலும். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, மறுமைத் தராசில் அவை உஹது மலையைவிடக் கனமானவை என்று நபியவர்கள் கூறினார்கள். அந்தச் சபையில் சிரித்தவர்களும் நல்லவர்களே. அதுதான் நம்மை அச்சுறுத்த வேண்டும்.

தொழுகை பற்றியும் அவள் கலங்கினாள். நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழுமாறு இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் வழிகாட்டினார்கள். முடிந்த அளவு குனிந்தால் அதுவே ருகூ. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம், சொல்லவில்லை.

இப்போது ஓதும் அறையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். “மற்ற பிள்ளைகளும் கேட்பார்களே” என்று பெற்றோர் ஒருவர் குறைப்பட்டார். கேட்கட்டும், இன்னொன்று வாங்கிக்கொள்வோம்.