வெறுங்கையோடு கிணற்றில் இறங்குவதா?



தாழ்ந்து தொங்கும் மின்கம்பி உரசி வைக்கோல் போர் பற்றினால், 101-க்கு போன் போட்டுவிட்டு குடத்தோடு ஓடுவது நாம்தான். டீசல் இன்ஜின் புகை தேங்கிய கிணற்றில் ஒருத்தர் மயங்கினால், வெறுங்கையோடு இறங்குவதும் நம்ம பிள்ளைகள்தான். அந்த நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாகிறார்.

அமெரிக்காவில் ஊர்க்காரர்களே நடத்தும் தன்னார்வத் தீயணைப்புப் படைகளுக்குப் பாதுகாப்புக் கருவி வாங்க, 2001-லேயே மத்திய அரசு மானியம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இங்கே 2023-ல் தீயணைப்புத் துறையை நவீனப்படுத்த மத்திய அரசு 5,000 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. அந்தப் பணம் டவுனோடு நின்றுவிடக் கூடாது.

ஊருக்கொரு மீட்புக் கயிறு, ஒன்றியத்துக்கொரு மூச்சுக்கருவி, இளைஞர்களுக்குப் பயிற்சி கொடு! கிராமசபையில் தீர்மானம் போடுவோம்; கேட்காவிட்டால் தாலுகா ஆபீஸ் முன் திரளுவோம்!