கூலி வெட்டுக்கு அஞ்சி உயிரை இழப்பதா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 80,000 பெண்கள் பலியாயினர் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு கணக்கிட்டிருக்கிறது. இது தடுக்கக்கூடிய நோய். ஆகவே இத்தனை உயிர்கள் போவதற்கு விதி காரணமல்ல. அறியாமையும், வெட்கமும், ஒருநாள் கூலியைக்கூட இழக்க முடியாத வறுமையுமே காரணம்.

இந்நோய்க்கு மூலம் எச்.பி.வி. என்னும் வைரஸ். இதில் பல வகைகள் உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகளே இந்நோயில் 100க்கு 70 பங்குக்குக் காரணம். புற்றுக் கட்டிகளில் இவற்றை 1983-84இல் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் உழைக்கும் நம் சகோதரிகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: இந்த வைரஸ் கெட்ட நடத்தைக்கு அடையாளமல்ல. தாம்பத்திய வாழ்க்கை தொடங்கிய ஆண், பெண் இருபாலரிலும் மிகப் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒருமுறை இது தொற்றுகிறது. இளம் பெண்களுக்கு மணமான சில ஆண்டுகளிலேயே தொற்றுவது சகஜம். கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவளுக்கும் வரும். ஆணிடம் இருந்தாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது. எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதைக் காட்டி மனைவியைச் சந்தேகிப்பது அறிவீனம்.

தொற்றியவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். 10 பேரில் 9 பேருக்கு இரண்டாண்டுக்குள் உடலே வைரஸை விரட்டிவிடுகிறது. விலகாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால்தான் ஆபத்து. அதுவும் புற்றாக மாற 15, 20 ஆண்டுகள் ஆகலாம். இந்த நீண்ட அவகாசமே நமது பலம்.

திண்டுக்கல் ஜில்லா கிராமங்களில் மணமான 1,891 பெண்களைச் சோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில் 100க்கு 17 பேரிடம் இவ்வைரஸ் காணப்பட்டது. பல நாடுகளில் வயது ஏற ஏற இது குறைகிறது, அங்கோ குறையவில்லை. ஆகவே பிள்ளை பெற்று முடிந்தது, இனி நமக்கென்ன என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

அதே ஜில்லாவில் பயிற்சி பெற்ற நர்ஸுகள் காடியிலுள்ள அமிலத்தைத் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையை நடத்தினர். சோதனை நடந்த கிராமங்களில் இந்நோய்ச் சாவு 100க்கு 35 குறைந்தது என்று 2007இல் நிரூபணமாயிற்று. இதற்குப் பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டாம், பெரிய இயந்திரமும் வேண்டாம்.

ஆனால் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 10 பேரே இச்சோதனை செய்துகொண்டிருந்தனர். 2023 நவம்பரில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உட்பட நான்கு ஜில்லாக்களில் வீடு வீடாக அழைப்புக் கொடுத்துச் சோதிக்கும் திட்டம் தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி, இருட்டிய பின் திரும்புகிறவள் அழைப்புச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? லீவு போட்டால் கூலி வெட்டு. விவசாயக் கூலிப் பெண்ணுக்கோ லீவும் இல்லை, இ.எஸ்.ஐ.யும் இல்லை.

தடுப்பூசி விஷயத்திலும் விழிப்பு வேண்டும். 9 முதல் 14 வயதுக்குள் போடுவதே சிறந்தது. ஒரு தவணையும் போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் ஏற்றது. 14 வயதுச் சிறுமிகளுக்கு இதைப் போட 36 கோடி ரூபாய் என்று தமிழக சர்க்கார் 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது. பள்ளியை விட்டு வேலைக்குப் போன சிறுமியை இதில் மறந்துவிடக் கூடாது. அன்றைய ஆந்திராவின் கம்மம் ஜில்லாவில் பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டு ஏழைச் சிறுமிகளுக்கு ஊசி போட்ட திட்டம் 2010இல் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு அதைக் கண்டித்தது. ஊசியே வேண்டாம் என்பதல்ல இதன் பாடம். விளக்கிச் சொல்லி, சம்மதம் பெற்றுப் போட வேண்டும் என்பதே.

ஆகவே நாம் கோருவது: 30 வயதான ஒவ்வொரு பெண் தொழிலாளிக்கும் சம்பளத்துடன் சோதனை நாள், கம்பெனி வளாகத்திலேயே பெண் நர்ஸுகள் நடத்தும் முகாம், விவசாயக் கூலிகளுக்கு அறுவடை முடிந்த நாட்களில் ஊரிலேயே முகாம், எல்லாச் சிறுமிகளுக்கும் இலவசத் தடுப்பூசி. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் கண்டாலோ, உறவுக்குப்பின் ரத்தம் கண்டாலோ, முகாமுக்குக் காத்திராமல் அன்றே டாக்டரிடம் செல்ல வேண்டும்.

அடுத்த கோரிக்கை மனுவில் போனஸுக்குப் பக்கத்திலேயே இதையும் சங்கங்கள் எழுதட்டும். கூட்டத்தில் ஆண் தோழர்களே முதலில் எழுந்து பேசட்டும்.