கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும்

நம் கடையநல்லூரில் எத்தனையோ வீடுகளின் வாசலில் மணி பிளாண்ட் கொடியைக் காணலாம். தொட்டியிலோ, தண்ணீர் நிரப்பிய பாட்டிலிலோ அது வளர்கிறது. திருடி வந்து நட்டால்தான் தழைக்கும், தழைத்தால் பணம் சேரும் என்றெல்லாம் அதற்குப் பெருமை பேசுகிறோம். ஆனால் அதன் கணுக்களில் பழுப்பு நிற வேர்கள் நீண்டுவிட்டால், அழகு கெட்டது என்று கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறோம். இவ்வழக்கம் சரியன்று என்பது என் கருத்து.

பற்று வேருக்கு எடுத்துக்காட்டு கேட்டால் 'வெற்றிலை, மிளகு' என்று தேர்வுத்தாளில் தயங்காமல் எழுதுகிறோம். அவ்விடைக்கும் நம் வாசலுக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்ப்பதில்லை. கொடிகள் ஏறும் வழி ஒன்றல்ல. சங்குப்பூ தண்டால் சுற்றி ஏறுகிறது. பாகல் பற்றுக்கம்பியால் பிடித்து ஏறுகிறது. வெற்றிலையும் மிளகும் மணி பிளாண்டும் கணுவில் தோன்றும் வேரால் ஒட்டி ஏறுகின்றன. இவ்வேர்கள் வெளிச்சத்தை விட்டு விலகி, நிழலும் ஈரமும் உள்ள பரப்பை நாடும். ஆகவே அந்தரத்தில் தொங்கும் வேர் நோயன்று. கொடி பற்றுக்கோடு தேடுகிறது என்பதற்கு அடையாளம்.

'இவ்வேர் மரத்தின் சாற்றைக் குடித்துவிடுமே' என்பார் உண்டு. அப்படிக் குடிப்பது அம்மையார் கூந்தல் போன்ற ஒட்டுண்ணியின் உறிஞ்சு வேர். பற்று வேரோ பட்டையைப் பிடித்துக்கொள்ளுமேயன்றி உள்ளே புகுந்து உணவைப் பறிப்பதில்லை. கொடிக்கால் உழவர்கள் அகத்தியின்மேல் வெற்றிலையை ஏற்றுவது இதனை அறிந்துதான். கொடி வளர வளரக் கணுவை அகத்தியோடு அணைத்து நாரால் கட்டுகிறார்கள். வேரை வெட்டுவதை விடுத்து அதற்குப் பிடிமானம் தருகிறார்கள். நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

மிளகுக் கொடியில் மரத்தைப் பற்றி ஏறும் தண்டிலிருந்துதான் காய்க்கும் கிளைகள் தோன்றுகின்றன. பிடிப்பின்றித் தொங்கும் தண்டால் பயனில்லை. பசிபிக் கடலின் மூரியா தீவைத் தாயகமாகக் கொண்ட மணி பிளாண்டும் மரமேறினால் இலை முழ நீளத்தையும் தாண்டிப் பிளவுபட்டு விரியும். தொங்கவிட்டாலோ இலை சிறுத்துவிடும்.

ஆகவே தொட்டியில் ஒரு கம்பை ஊன்றி, அதன்மேல் தேங்காய் நாரைச் சுற்றி, கணுவை அதனோடு தளரக் கட்டி, நாரை ஈரமாக வைத்திருந்தால் போதும். சாரல் காலத்தில் வேர்கள் தாமே பிடித்துக்கொள்ளும். வேரை வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காய்ந்ததையும் இடைஞ்சலானதையும் சுத்தமான கத்தரியால் நறுக்கலாம். மண்ணில் உள்ள வேர் ஊட்டுவதால் கொடி வாடாது. சுவரில் ஒட்டியதை வெடுக்கென்று இழுத்தால் சுண்ணாம்பும் பெயர்ந்து வரும். தண்டை அறுத்துக் காயவிட்டுப் பிறகு தேய்த்து எடுப்பதே முறை.

பாட்டிலில் வளர்ப்போர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். ஆகவே வாரம் ஒருமுறையேனும் நீரை மாற்றிப் பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இக்கொடியைக் கடித்தால் வாயும் நாக்கும் எரியும். குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாமல் வைப்பது நல்லது.

திருட்டுக் கொடி தழைப்பதன் இரகசியமும் கணுவில்தான் இருக்கிறது. கணுவோடு கிள்ளிய துண்டு, கேட்டு வாங்கினாலும் வேர்விடும். கணுவில்லாத இலை, திருடினாலும் கொடியாவதில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி வளாகத்தில் ஒரே கொடியின் இரு துண்டுகளை இரு தொட்டிகளில் நடுவோம். ஒன்றை நார் சுற்றிய கம்பில் ஏற்றுவோம், மற்றதைத் தொங்கவிடுவோம். மாதந்தோறும் இலைகளை அளந்து எழுதி வைத்து, அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம். என் கருத்து சரியா தவறா என்பதை அந்த அளவுகள் சொல்லட்டும்.