அடகுக் கடை வாங்காத சொத்து

1980-களின் நடுவில் அம்மாவின் நகைகள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருந்த அரிசி ஆலையை மூடிவிட்டார்கள். முதலில் அட்டிகை, பிறகு நான்கு வளையல்கள், பிறகு என் காதில் கிடந்த ஜிமிக்கி. அதன்பின் பித்தளை அண்டா, வெண்கலப் பானை, கடைசியாகத் தையல் மெஷின். கும்பகோணத்துக்குள்ளேயே ஆறு ஆண்டுகளில் நான்கு வாடகை வீடுகள் மாறினோம். ஒவ்வொரு முறையும் வண்டியில் ஏற்றிய சாமான் குறைந்துகொண்டே வந்தது. குறையாமல் கூடவே வந்தவை இரண்டு தகரப் பெட்டிகள். அம்மாவின் கொலு பொம்மைகள்.

அவை எப்படி மிஞ்சின? சாமி காப்பாற்றியதாகப் பாட்டி சொல்வார். காரணம் அதைவிட எளிது. மண் பொம்மைக்கு எந்த அடகுக் கடையிலும் பணம் தர மாட்டார்கள். விலை போகாது என்று வீட்டு ஆண்கள் முடிவு கட்டியதால் மட்டுமே அது அம்மாவிடம் இருந்தது. இதை நான் புரிந்துகொள்ள நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது.

கல்யாணமாகி வந்தபோது அம்மா கொண்டுவந்தது ஒரு ஜோடி மரப்பாச்சி. பெண்ணுக்குச் சீரோடு மரப்பாச்சி கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். அதன்பின் ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்பார்கள். அம்மா வாங்கிய பொம்மைகளைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பென்சிலில் ஆண்டும் விலையும் இருக்கும். ‘84 - ரூ. 7.’ அது செட்டியார் பொம்மை. ‘86 - ரூ. 2.’ ஒரு சின்னக் கிளி. அந்த ஆண்டு அதற்குமேல் வழியில்லை. ‘87’ என்று எழுதிய தவழும் கிருஷ்ணனுக்குக் கீழே விலை இல்லை. அந்த வருடம் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோன ஒரு கர்ப்பத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மாவும் பேசவில்லை. பொம்மை வாங்கினாள்.

நம் அம்மாக்கள் டைரி எழுதவில்லை என்று யார் சொன்னது?

கடைவீதியில் தனக்கென்று ஒரு ரிப்பன் வாங்கினால் கூட ‘இப்ப இது எதுக்கு?’ என்று கேட்ட வீடு அது. பொம்மைக்கு மட்டும் யாரும் கேட்டதில்லை. ‘சாமி காரியம்’ என்ற ஒரு சொல் அம்மாவுக்கு ஆண்டில் ஒரு நாள் கடைத்தெருவில் நின்று, நிறம் பார்த்து, முகம் பார்த்து, பேரம் பேசி, தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தது. பக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்தியின் பெயரைச் சொல்லாமல் ஒரு பெண் தன் ரசனைக்காக இரண்டு ரூபாய் செலவழிக்க முடியாத வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

‘பொம்மை சேர்ப்பது ஒரு பெரிய விஷயமா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். டெல்லியில் சங்கர் சர்வதேச பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. கார்ட்டூனிஸ்ட் சங்கர் தொடங்கியது. ஹங்கேரி நாட்டுத் தூதர் கொடுத்த ஒரு பொம்மை அவருக்குப் பிடித்துப்போக, போன நாடுகளிலெல்லாம் பொம்மை சேர்த்தார். 1965-இல் அது அருங்காட்சியகமானது. இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளின் பொம்மைகள் அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. குழந்தைகளுக்காக அவர் செய்த அரிய வேலை அது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால், ஓர் ஆண் பொம்மை சேர்த்தால் அது ‘சேகரிப்பு’, நாட்டின் சொத்து. ஒரு பெண் சேர்த்தால் அது பரணில் இடத்தை அடைக்கும் பெட்டி. தபால்தலை சேர்க்கும் மாமாவை ‘சேகரிப்பாளர்’ என்கிறோம். நாற்பது ஆண்டுகள், வருடம் தவறாமல், ஆண்டும் விலையும் குறித்துவைத்துச் சேர்த்தவளை என்ன சொல்லி அழைத்தோம்?

சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை. பரணிலிருந்து இறக்குவது, பழைய வேட்டித் துணியைப் பிரிப்பது, மூக்கு உடைந்ததை ஒட்டுவது, வண்ணம் போனதைத் தொட்டு எழுதுவது, படி கட்டுவது, ஒன்பது நாளும் ஒன்பது சுண்டல் வேகவைப்பது, வருகிறவர்களை உபசரிப்பது, விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்துவிட்டு மறுநாள் எல்லாவற்றையும் திரும்பச் சுற்றி, அந்துருண்டை போட்டு மூடுவது. பெஞ்சை இழுத்துப்போட்டுப் படி கட்டிக் கொடுத்த அப்பாவுக்கு ‘நீங்க ரொம்ப நல்லா ஹெல்ப் பண்றீங்க’ என்று பாராட்டு கிடைத்தது. அம்மாவுக்கு மாதவிலக்கு அந்த ஒன்பது நாளுக்குள் வந்துவிட்டால் அவள் சேர்த்த பொம்மையை அவளே தொடக் கூடாது. வாசல் அறையில் உட்கார்ந்து, ‘இடது பக்கம் தள்ளி வை’ என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

2006-இல் அப்பா இறந்தார். அந்த ஆண்டு தீட்டு, கொலு இல்லை. அடுத்த ஆண்டு புரட்டாசியில் அத்தை வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அண்ணி, இந்த வருஷத்துலேருந்து மருமக கையால வைக்கச் சொல்லிடுங்க. அதான் வழக்கம். நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக் குடுங்க.”

எவ்வளவு மரியாதையான வாக்கியம்! அதட்டல் இல்லை, பிடுங்கல் இல்லை. அம்மா தலையாட்டினாள். அந்த நவராத்திரியில் என் தம்பி வீட்டுக் கூடத்தில் அம்மாவின் பொம்மைகள் ஏழு படியில் நின்றன. தம்பி மனைவி வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் கொடுத்தாள். அம்மா அடுப்படியில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தப் படிகளுக்கு முன்னால் நின்றவள், ஒரு சாவுக்குப் பிறகு அதே பொம்மைகளுக்கு எதிரே நின்று ஒரு தாம்பூலத்தை நீட்ட முடியவில்லை. பொம்மை அவளுடையது. அதன் முன்னால் நிற்கும் உரிமை மட்டும் அவள் கணவரின் உயிரோடு சேர்ந்து எரிந்துபோயிருந்தது.

தம்பி மனைவியைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து, தனக்கு விருப்பமா என்று ஒருவரும் கேட்காத ஏழு படிகளை அவள் தலையில் ஏற்றினார்கள். மாமியார் கையிலிருந்து பிடுங்கி மருமகள் கையில் திணிப்பதற்கு ‘வழக்கம்’ என்று பெயர். பிறகு இருவரும் சண்டை போட்டால், ‘பொம்பளைங்க இப்படித்தான்’ என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்ளலாம்.

சில ஆண்டுகள் கழித்து தம்பி சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கினான். பரண் கிடையாது. ஒரு பெட்டி பொம்மை ஓர் அரசமரத்தடிக்குப் போனது. உடைந்தவை, பழையவை என்றார்கள். அம்மாவிடம் கேட்டீர்களா என்றேன். “அம்மாதான் ‘உங்க இஷ்டம்’னு சொன்னாங்க” என்றான் தம்பி. ‘உங்க இஷ்டம்’ என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு வேறு எந்தப் பத்திரமும் தேவையில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பொம்மைக்கெல்லாமா சட்டம் என்று சிரிக்காதீர்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒரு பெண் தன்வசம் வைத்திருக்கும் சொத்துக்கு அவளையே முழு உரிமையாளர் ஆக்குகிறது. அசையும் சொத்தும் அதில் அடக்கம். திருமணத்தின்போது அவளுக்கு வந்ததும், அவளே வாங்கியதும் அவளுடையதுதான். 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்திரீதனம் முழுக்க முழுக்கப் பெண்ணின் சொத்து, புகுந்த வீட்டுக்குள் வந்துவிட்டதால் அது கணவனோடு கூட்டுச் சொத்தாகிவிடாது என்று தெளிவாகச் சொன்னது. இந்தச் சட்டத்தில் ‘கணவன் உயிரோடு இருக்கும் வரை’ என்று ஒரு வரியும் கிடையாது. அதை எழுதியது அத்தைகளின் வாய்.

நகையென்றால் நமக்கு இது புரிகிறது. ‘என் நகை’ என்று சொல்லிச் சண்டையாவது போடுகிறோம். பொம்மை, கோலநோட்டு, ஊறுகாய் ஜாடி, தையல் பெட்டி என்று வரும்போது அது ‘வீட்டு’ப் பொருள் ஆகிவிடுகிறது. நம்மிடம் உள்ளவற்றில் சந்தையில் விலை போவதை மட்டுமே சொத்து என்று எண்ணப் பழகியிருக்கிறோம். அடகுக் கடைக்காரரின் தராசைத்தான் நாமும் கையில் வைத்திருக்கிறோம்.

தோழிகள் சிலர் வேறொரு கேள்வி கேட்பார்கள். ‘கொலுவே சாதிப் பெருமையும் சுமங்கலிப் பெருமையும் சேர்ந்த சடங்கு. அதைப் போய் எதற்குக் காப்பாற்ற வேண்டும்?’ நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் யாரைக் கொலுவுக்கு அழைத்தார்கள், யாரை அழைக்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அக்காவின் மகள், என் வயதுக்காரி, வாசற்படிக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். அவள் கையில் சுண்டல் பொட்டலம் இருந்தது. உள்ளே வா என்று நானும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் பதில் சொல்ல வேண்டிய ஆட்களில் நானும் ஒருத்தி.

படியில் நிற்கும் பொம்மைகளைச் செய்தவர்கள் எங்கே? மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் தலைமுறை தலைமுறையாக மண் பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. கொலு பொம்மையும் செய்கிறார்கள், கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகளும் செய்கிறார்கள். பெண்களும் உட்கார்ந்து மண் பிசைந்து, அச்சில் அழுத்தி, காயவைத்து, வண்ணம் தீட்டுகிறார்கள். மழை பெய்தால் காயாது. காயாவிட்டால் கூலி இல்லை. நாம் கடையில் ‘கண்ணு சரியா எழுதலையே, குறைச்சுக் குடுங்க’ என்று பேரம் பேசும்போது ஒரு பெண்ணின் கூலியைத்தான் குறைக்கிறோம். என் அம்மாவும் அப்படிப் பேரம் பேசியவள்தான்.

ஆகவே நான் சடங்கைக் காப்பாற்றச் சொல்லவில்லை. பெட்டியைக் காப்பாற்றச் சொல்கிறேன். சடங்கு அம்மாவை வெளியே தள்ளியது. பொம்மை தள்ளவில்லை. மண்ணுக்கு யார் சுமங்கலி என்று தெரியாது. கொலு வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமையும் சேர்த்தவளுக்கே. அவள் விரும்பினால் புத்தக அலமாரியில் ஆண்டு முழுக்க வைக்கட்டும், விளையாடக் குழந்தைகளிடம் கொடுக்கட்டும், உடைத்துத் தொட்டிச் செடிக்குப் போடட்டும். அரசமரத்தடிக்குக் கொண்டுபோகும் முடிவு மகனுடையதாக இருக்கக் கூடாது.

படிக்கும் உங்களிடம் சில வேலைகளைக் கொடுக்கிறேன். இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அம்மாவின் பெட்டியை இறக்குங்கள். ஒவ்வொன்றையும் எப்போது, எந்தக் காசில் வாங்கினாள் என்று கேட்டு எழுதுங்கள். பாதிக் குடும்ப வரலாறு அதில் வரும். அப்பா சொன்ன வரலாறாக அது இருக்காது. இது யாருக்குப் போக வேண்டும் என்றும் கேளுங்கள். ‘உங்க இஷ்டம்’ என்பாள். அதை ஏற்காதீர்கள், திரும்பக் கேளுங்கள். சொன்னதை உயிலாக எழுதவையுங்கள். வெள்ளைத்தாள் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. அவள் கையெழுத்தும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் போதும். கொலு வைக்கும் வீடாக இருந்தால், முதல் தாம்பூலத்தைக் கணவனை இழந்த பெண்ணிடமிருந்து வாங்குங்கள். வாசலில் நின்று எட்டிப்பார்ப்பவளை உள்ளே கூப்பிடுங்கள். இரண்டையும் செய்ய முடியாதென்றால் படி கட்டாதீர்கள்.

மிஞ்சிய ஒரு பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அம்மாவும் என்னோடுதான் இருக்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நவராத்திரிக்குப் புத்தக அலமாரியின் மூன்று தட்டுகளைக் காலி செய்து கொடுத்தேன். “நான் வைக்கலாமாடி?” என்று கேட்டாள். எண்பதை நெருங்கும் பெண், தன் பொம்மையைத் தொடத் தன் மகளிடம் அனுமதி கேட்டாள். எனக்கு வந்த கோபத்தை இன்னும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வைத்தாள். மறுநாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அரைமணி நேரம் முகம் முகமாகப் பார்த்து, ஆட்டுக்கல்லில் மாவாட்டும் ஒரு கிழவி பொம்மையை எடுத்தாள். பேரம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பென்சில் கேட்டாள்.